செவலை யானையை நான் கருப்பாக்கிய கதை

நான் ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்போது என் போனுக்கு ஒரு மீன்கொத்தி வந்து சேர்ந்தது. அனுப்பியது கீர்த்தனா. எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார, எங்கள் வனச்சரக அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் போட்டோகிராபர். படத்தைத் திறந்ததும் கண் கூசியது. சொட்டு நீல பாட்டிலை அப்படியே கவிழ்த்தால்கூட அவ்வளவு நீலம் வராது. பறவை உட்கார்ந்திருந்த பாறைக்கும் ஊதா அடித்திருந்தது. கீழே, “எப்படி மேடம்?” என்று ஒரு கேள்வி.

“பறவை ஜோர். எந்த பெயிண்ட் கடையில புடிச்சே?” என்று பதில் போட்டேன்.

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், சிரிக்கிற பொம்மைகளாக வரிசையாக அனுப்பிவிட்டு, “காட்டுல கலரை எப்படிக் கையாளணும்னு எங்க குரூப்புக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்க மேடம்” என்றாள். சரி என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்காருவதற்குள் என் வழியனுப்பு விழாவில் ஒரு கூத்து நடந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நிறத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் செய்த கோளாறுகளில் இருந்து வந்தது. அதிலும் ஒரு கோளாறுக்கு நாலு கால், ஒரு தும்பிக்கை.

என் பெயர் சகாயமேரி. ஊர் அதியமான்கோட்டை. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி இருந்தது. அதில் நாங்கள் விதைப்போம், மயில்கள் அறுவடை செய்யும். ப்ளஸ் டூ முடித்த கையோடு தர்மபுரியில் ஒரு கலர் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். அது பிலிம் காலம். நெகட்டிவை மிஷினில் ஏற்றி, சின்னத் திரையில் பார்த்து, மஞ்சள், மெஜந்தா, சயான் என்று பட்டன்களைக் கூட்டிக் குறைத்து பிரிண்ட் போட வேண்டும். கலர் கரெக்‌ஷன் என்று அதற்குப் பெயர். நடைமுறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான், மணப்பெண்ணை வெளுப்பது.

முதலாளி சொல்லிக்கொடுத்ததும் ஒரே பாடம்தான். “முகத்தை மட்டும் பாரும்மா. முகம் பளிச்னு வந்துருச்சுன்னா மத்ததை எவனும் பார்க்க மாட்டான்.” அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. காரிமங்கலத்துக் கல்யாணம் ஒன்றில் பெண்ணை நான் வெளுத்த வெளுப்பில், பின்னால் கட்டியிருந்த வாழைமரம் நீலமாகிவிட்டது. பெண் வீட்டார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் நாலு காப்பி கேட்டார்கள்.

என் கல்யாணப் படத்தையும் நானேதான் பிரிண்ட் போட்டேன். நான் நல்ல கருப்பு. சின்ன வயதிலிருந்து அதைப் பற்றி ஆளாளுக்குச் சொன்னதெல்லாம் மனதில் கிடந்தது போலிருக்கிறது, பட்டனில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. படத்தில் அந்தோணிக்குப் பக்கத்தில் நிற்பது நான் இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்கார சிஸ்டர். அந்தோணி என் கணவர், ஹைவே ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். படத்தை ஹாலில் மாட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொதுவாகவே ஒன்றும் சொல்லாத மனிதர்.

டிஜிட்டல் வந்தது, லேப்கள் ஒவ்வொன்றாக மூடின. அப்போதுதான் பென்னாகரம் பக்கத்தில் ஒரு வனச்சரக அலுவலகத்தில் படம் எடுக்கவும், எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஒழுங்கு பண்ணவும் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒப்பந்த வேலை. வருடா வருடம் புதுப்பிப்பார்கள், இல்லாவிட்டால் அனுப்பிவிடுவார்கள்.

முதல் நாள் காட்டுக்குக் கிளம்பும்போது, புது வேலையாயிற்றே என்று எலுமிச்சை மஞ்சளில் ஒரு சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் ரேஞ்சர் வேடியப்பன் ஜீப் அருகில் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எங்க போறோம்மா?”

“காட்டுக்குங்க சார்.”

“என்ன பார்க்க?”

“மான் பார்க்கங்க சார்.”

“என்ன கலர்ல வந்திருக்கீங்க?”

“மஞ்சள்ங்க சார்.”

“இன்னொரு தடவை சொல்லுங்கம்மா.”

இதுதான் அவருடைய முறை. திட்ட மாட்டார். நாம் செய்ததை நம் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார். முதல் தடவை சொல்லும்போது அது ஒரு பதில். இரண்டாம் தடவை கொஞ்சம் உறுத்தும். மூன்றாம் தடவை சொல்லும்போது இந்த முட்டாள் யார் என்று நமக்கே தோன்றும். அன்று நான் வீட்டுக்குத் திரும்பிப் போய், அந்தோணியின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். அதில் கிரீஸ் வாடை அடித்தது. மான்கள் அதற்கும் ஓடிப்போயின, அது வேறு விஷயம்.

அவரிடம் இன்னொரு முறையும் உண்டு. கோப்பில் வைக்கிற ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் பென்சிலில் ஐந்து வரி எழுத வேண்டும். இடம். நேரம். வெளிச்சம் எந்தப் பக்கம். எவ்வளவு தூரம். ஐந்தாவது வரி, ‘கண்ணால் பார்த்தது’. “படத்துல இருக்கறதை எழுதாதீங்க. அதைப் படமே சொல்லிக்கும். உங்க கண்ணு என்ன பார்த்துச்சோ அதை எழுதுங்க” என்பார். முதல் சில மாதம் பயபக்தியோடு எழுதினேன். பிறகு எல்லா அலுவலகத்திலும் எல்லோரும் எழுதுவதையே நானும் எழுத ஆரம்பித்தேன்: ‘மேற்படி’.

நிறத்தில் முதல் பாடம் ஒகேனக்கல்லில் கிடைத்தது. பரிசலில் போய் ஒரு மீன்கொத்தியை எடுத்தேன். கருப்புப் பாறை மேல் நீலப் பறவை, பின்னால் பழுப்பான தண்ணீர். நானே மெச்சிக்கொண்டேன். பிரிண்ட் வந்தபோது யார் பார்த்தாலும், “அந்தச் செவப்பு என்னங்க?” என்றுதான் கேட்டார்கள். பரிசல்காரர் பாறையில் காயப்போட்டிருந்த துண்டு அது. படத்தின் மூலையில் கையளவு இருந்தது. ஆனால் பறவையை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அடுத்த முறை அந்தத் துண்டை அவரையே இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மேகம் வெயிலை மறைக்கும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தேன். மேகத்தடியில் நீலம் நின்று நிதானமாகத் தெரிந்தது. படத்தில் ஒரே ஒரு நிறம் பேசினால் போதும், மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று புரிந்தது. கீர்த்தனா, உன் ஊதாப் பாறைக்கு இதுதான் பதில்.

இனி யானைக்கு வருகிறேன்.

எங்கள் சரகத்தில் ஆற்றோரமாக ஒரு ஆண் யானை இருந்தது. கருப்பன் என்று வனக்காவலர்கள் பெயர் வைத்திருந்தார்கள். வண்டல் சேற்றில் புரண்டு எந்நேரமும் ஈர மினுமினுப்போடு இருக்கும். நான் நிறையப் படம் எடுத்திருக்கிறேன். வயல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத பிராணி. என்னைப் பார்த்தால் தண்ணீரை உறிஞ்சித் தன் முதுகில் ஊற்றிக்கொண்டு நிற்கும். எனக்காகத்தான் அப்படி நிற்கிறது என்று நானே நினைத்துக்கொள்வேன்.

ராகி அறுப்புக் காலத்தில் காட்டோரக் கிராமம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. ஒற்றை ஆண் யானை தினமும் இறங்கி மேய்கிறது. விரட்டினால் போவதில்லை, எதிர்த்து வருகிறது. ஒரு வீட்டின் சுவரையே சாய்த்துவிட்டது, உள்ளே இருந்தவர்கள் பின்வாசல் வழியாகத் தப்பியிருக்கிறார்கள். இன்னும் விட்டால் ஆள் போய்விடும் என்று ஊரே திரண்டு வந்தது. எந்த யானை என்று தெரிந்தால் பிடித்து வேறு காட்டில் விடலாம். அதற்குப் படம் வேண்டும். ரேஞ்சர் என்னை அனுப்பினார்.

அங்கேதான் சிக்கம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. இவர் தனி ஆளாக ராகி போட்டு, பரண் கட்டி, தகர டப்பாவோடு காவல் இருந்தார். எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தையும் காடு என்றுதான் சொல்வோம். சிக்கம்மாவின் காட்டைச் சுற்றிலும் காட்டுப்பன்றிக்காகப் பழைய சேலைகளை வேலி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார். மத்தியானமே நானும் பரணில் ஏறிக்கொண்டேன்.

“எத்தனை மணிக்குங்க்கா வரும்?”

“அஞ்சே முக்காலுக்கு டாண்ணு வந்துருவானுங்க. எங்கூட்டுக்காரரு ஒரு நாளும் இந்த மாதிரி டைமுக்கு வூட்டுக்கு வந்ததில்லீங்க.”

சொன்னபடியே வந்தது. இறங்குவெயிலில் செம்மண் மேடு ஒன்று எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்று, சேலை வேலியை நிதானமாகத் தாண்டி, ராகியை வேரோடு பிடுங்கி, முழங்காலில் தட்டி மண் உதிர்த்து, தின்றது. சிக்கம்மா டப்பாவைத் தட்டினார். அது காதை மட்டும் ஆட்டியது. “வருசத்துக் களியைத் திங்கறான் பாருங்க” என்று சொல்லிவிட்டு டப்பாவை இன்னும் வேகமாகத் தட்டினார். நான் படமாக எடுத்துத் தள்ளினேன். வெளிச்சம் போவதற்குள் அது போய்விட்டது.

மறுநாள் அலுவலகத்தில் படங்களைத் திறந்தேன். யானை செக்கச் செவேலென்று இருந்தது. எனக்கு ஒரு விநாடிகூட யோசனை வரவில்லை. சாயங்கால வெயில் எல்லாவற்றையும் சிவப்பாக்கும், அதைச் சரிபண்ணுவதுதானே நம் தொழில்? யானை என்றால் கருப்புதானே? திரையில் சிவப்பைக் குறைத்து, நீலத்தை ஏற்றி, யானை யானை நிறத்துக்கு வரும்வரை இழுத்தேன். லேபில் பழகிய கண் வேறு எதையும் பார்க்கவில்லை, யானையின் முகத்தை மட்டும் பார்த்தது. பளிச்சென்று வந்தது. எல்லாப் படங்களையும் அப்படியே திருத்தி, பழையவற்றின் மேலேயே சேமித்தேன். ஒரிஜினலைத் தனியே வைத்துக்கொள்கிற புத்தியெல்லாம் அப்போது கிடையாது. பிரிண்டின் பின்னால் நாலு வரி எழுதி, ஐந்தாவதாக ‘மேற்படி’ போட்டுக் கொடுத்தேன்.

ரேஞ்சர் அந்தப் படத்தையும் கருப்பனின் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கருப்பன் படங்கள் எல்லாம் இடது பக்கத்தில் எடுத்தவை, ஆற்றின் அந்தக் கரையில் மட்டும்தான் எனக்கு நிற்க இடம். அதனால் காதை ஒப்பிட முடியவில்லை. தந்தம் ஒரே நீளம். உயரம் கிட்டத்தட்ட ஒன்று. நிறம் அச்சு அசல் ஒன்று. அது ஒன்றாக இருக்காமல் எப்படி இருக்கும், கருப்பனை மனதில் வைத்துக்கொண்டுதானே நான் இழுத்தேன்! அறிக்கை மேலே போனது. கருப்பனைப் பிடிக்க உத்தரவு வந்தது. காட்டு யானையை மடக்கப் பழக்கிய கும்கி யானைகள் அடுத்த வாரம் வருகின்றன என்றார்கள்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல பிராணி என்று நினைத்தோமே, வயலுக்குப் போய்விட்டதே என்று அதன் மேலேயே கோபப்பட்டேன்.

கும்கி வர நாலு நாள் இருக்கும்போது, ஒரு பிரிண்டை எடுத்துக்கொண்டு சிக்கம்மாவைப் பார்க்கப் போனேன். படம் எடுக்க இடம் கொடுத்தவர்களுக்கு ஒரு காப்பி கொடுப்பது லேப் காலத்துப் பழக்கம். சிக்கம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பார்த்தார்.

“இது எங்க காட்டுக்கு வந்தவன் இல்லீங்களே.”

“நீங்களும் நானும் பரண்ல உக்காந்திருந்தப்ப எடுத்ததுதானுங்க்கா.”

“எங்க காட்டுக்கு வந்தவன் செவலை. இவன் கருப்பா இருக்கான்.”

“அது சாயங்கால வெயில்ங்க்கா. போட்டோவுல செவப்பா விழும். நான் சரி பண்ணிட்டேன்.”

சிக்கம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு படத்தின் ஓரத்தில் வேலியாகக் கட்டியிருந்த சேலை மேல் விரலை வைத்தார்.

“அப்ப என்ற சீலையையும் சரி பண்ணிட்டீங்களாட்டம் இருக்குது. இது அரக்குச் சீலைங்க. என்ற கல்யாணச் சீலை. கத்திரிப்பூ கலர்ல எங்கப்பன் எனக்குச் சீலை எடுக்கவே இல்லீங்களே!”

திரும்பிப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் வேலியில் அந்தச் சேலை ஆடிக்கொண்டிருந்தது. அரக்கு. வெயிலில் வெளுத்திருந்தாலும் சந்தேகமில்லாத அரக்கு. என் கையில் இருந்த படத்தில் அது கத்திரிப்பூ. சேலையை அவ்வளவு தூரம் மாற்றியிருக்கிறேன் என்றால் யானையையும் அவ்வளவு தூரம் மாற்றியிருக்கிறேன். அன்று வந்தது நிஜமாகவே செவலை, ஆற்றோரத்துக் கருப்பன் இல்லை. நாலு நாளில் சங்கிலி மாட்டப்போவது கருப்பனுக்கு.

“அக்கா, இந்தச் சீலையை எனக்குக் கொடுப்பீங்களா?”

“எடுத்துக்குங்க. அந்த எடத்துல ராத்திரிக்கு நீங்க வந்து நில்லுங்க, பன்னி வராது” என்றார் சிக்கம்மா.

பஸ்ஸில் வரும்போது மடியில் அந்தச் சேலை. பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது, அதை மறைப்பானேன். ஒரிஜினல் படம் இல்லை. கேட்பார் யாருமில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்க இரண்டு மாதம்தான் இருந்தது. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் கருப்பன் போகும். எனக்கு அந்த யானையை நினைத்து அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரம்மா என் மடியில் இருந்த பழைய கல்யாணச் சேலையைப் பார்த்துவிட்டு, என்ன கதை கட்டிக்கொண்டாரோ, “வூட்டுக்காரரு திரும்பி வந்துருவாருங்க, கவலப்படாதீங்க” என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. பென்னாகரத்தில் இறங்கும்போது சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

ரேஞ்சர் அறையில் சேலையை மேஜை மேல் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னொரு தடவை சொல்லுங்கம்மா.”

“யானை செவப்பா இருந்துச்சுங்க சார். நான் கருப்பாக்கிட்டேன்.”

“இன்னொரு தடவை.”

“செவப்பா இருந்த யானையை... யானைன்னா கருப்பாத்தானே இருக்கும்னு நானே முடிவு பண்ணிக் கருப்பாக்கிட்டேங்க சார்.”

மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. சேலையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், படத்தைப் பக்கத்தில் பிடித்தார். அரக்கு, கத்திரிப்பூ. அரக்கு, கத்திரிப்பூ. பிறகு படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

“கண்ணால் பார்த்தது, மேற்படி,” என்று வாய்விட்டுப் படித்தார். “மேற்படின்னா என்னம்மா? மேல தூரம்னு இருக்குது. நாற்பது மீட்டர். நாற்பது மீட்டரைக் கண்ணால பார்த்தீங்களா?”

சேலையையும் படத்தையும் மேஜை மேல் வைத்தார்.

“செவப்புங்கறது மண்ணு. ஆத்துல எறங்கினா போயிரும். நிறத்தை வெச்சு யானையை அடையாளம் சொல்ல முடியாது. தெரியுமில்ல?”

“தெரியுங்க சார். ஆனா அன்னைக்கு அது எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லுமில்லீங்களா? கருப்பன் இருக்கற ஆத்துப் பக்கம் செம்மண்ணே இல்லீங்க. மலையடிவாரத்துக் குட்டையிலதான் இருக்குது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டார். என் பெயரைச் சொல்லப்போகிறார் என்று வாசலைப் பார்த்தபடி நின்றேன். “சார், அறிக்கையில தப்பு இருக்குதுங்க. தப்பு என்னுது. போட்டோவைப் பார்த்தேன், யானையைப் பார்க்கலை” என்றார். அந்தப் பக்கத்தில் கத்துவது எனக்குக் கேட்டது. இவர், “ஆமாங்க சார், இன்னொரு தடவை சொல்றேங்க, தப்பு என்னுதுதான்” என்றார். அந்த மனிதரிடம் எனக்கு இருந்த பயம் அன்றைக்குத்தான் மரியாதையாக மாறியது. மூன்று நாள் அவகாசம் கிடைத்தது.

மலையடிவாரத்தில் செம்மண் குட்டைக்கு எதிரே, பாறை மறைவில் நானும் ரேஞ்சரும் காத்திருந்தோம். குட்டையோரப் புதரில் சிக்கம்மாவின் சேலையில் கிழித்த ஒரு துண்டைக் கட்டிவைத்தேன். யானையும் அந்த அரக்கும் ஒரே படத்தில் விழுந்தால், அப்புறம் யார் எந்த பட்டனை இழுத்தாலும் அரக்கு காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு நாள் ஒரு காட்டெருமையும் ஒரு குரங்குக் கூட்டமும்தான் வந்தன. ஒரு குரங்கு சேலைத்துண்டைத் தோளில் போட்டுப் பார்த்து, பிடிக்காமல் திரும்ப வைத்துவிட்டுப் போனது. நான் மனதுக்குள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தது. குட்டையில் இறங்கி, சேற்றை அள்ளி அள்ளி முதுகில் வீசி, காய்ந்த மண்ணை அதன் மேல் தூவிக்கொண்டு, கண் முன்னாலேயே செவலையாகிவிட்டது. வலது காதின் ஓரத்தில் டிக்கெட்டைக் கிள்ளிய மாதிரி ஒரு ஓட்டை. சிக்கம்மா காட்டில் எடுத்த படத்தை ரேஞ்சர் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். அதே காது, அதே ஓட்டை. நான் அதைக் கருப்பாக்கினேனே தவிர, நல்லவேளையாக, காதை அடைக்கவில்லை. அதே நேரத்தில் கருப்பன் ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கிறது என்று காவலர் வாக்கிடாக்கியில் சொன்னார். நான் யானையையும் அரக்குத் துண்டையும் ஒரே படத்தில் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பிரிண்டின் பின்னால் ஐந்தாவது வரியை எழுத எனக்கு இடம் போதவில்லை.

கும்கிகள் வந்தன. செவலையைப் பிடித்தார்கள். அதற்காக நான் சந்தோஷப்படவில்லை. கருப்பனைக் காப்பாற்றிய கையாலேயே செவலையைக் காட்டிக்கொடுத்தேன். லாரியில் ஏற்றும்போது அது தும்பிக்கையால் கம்பியைத் தடவித் தடவிப் பார்த்தது, என்னால் கேமராவைத் தூக்க முடியவில்லை. ஆனால் சிக்கம்மா அன்றைக்குப் பரணிலிருந்து இறங்கி வீட்டில் படுத்துத் தூங்கினார். இரண்டும் உண்மைதான்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. மயக்க ஊசி போட்ட யானைக்குச் சூடு ஏறக்கூடாது என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்றச் செம்மண் கரைந்து ஓடியது. அரை மணி நேரத்தில் செவலை கன்னங்கரேல் என்று நின்றது. சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் ஒரே கூச்சல். “யோவ், வேற யானையைப் புடிச்சிட்டாங்கய்யா!” ரேஞ்சர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை. “மேரியம்மா,” என்றார், “அந்தச் சீலையைக் கொண்டாங்க.”

என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அதற்கு அவர் எழுதிய பரிந்துரையில் ஒரே வரிதான் இருந்தது என்று பிறகு கிளார்க் சொன்னார்: ‘தவறை மூன்று முறை சொல்லக்கூடியவர்.’

இனி வழியனுப்பு விழா. சின்ன ஹால், சமோசா, மாலை. ஓய்வு பெற்றுப் பல வருடமான வேடியப்பன் சாரும் வந்திருந்தார். நான் ஆசைப்பட்டேன் என்று சிக்கம்மாவையும் ஜீப்பில் கூட்டி வந்திருந்தார்கள். அந்தோணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கீர்த்தனா மேடையேறி, என் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு, துணியை விலக்கிக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

படத்தில் ஒரு அம்மா. மாவில் முக்கி எடுத்த மாதிரி முகம். கன்னத்தில் ரோஸ். நெற்றிச் சுருக்கத்தை யாரோ இஸ்திரி போட்டிருந்தார்கள். என் புடவையும் என் மூக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும், முன் வரிசையிலிருந்து சிக்கம்மா எழுந்தார். கிட்டத்தில் போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார்.

“இது எங்க காட்டுக்கு வந்த அம்மா இல்லீங்களே.”

ஹாலே சிரித்தது. கீர்த்தனாவின் முகம் விழுந்துவிட்டது. “போனே பண்ணிருச்சுங்க மேடம்... நானும் கொஞ்சம்... அழகா இருக்கட்டுமேன்னு” என்று இழுத்தாள். வேடியப்பன் சார் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. என்ன பண்ணுனீங்க?”

பாவம், பெண் மூன்று தடவையும் சொன்னாள். மூன்றாம் தடவை அவளே சிரித்துவிட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஏனென்றால் அவள் சொன்ன காரணம்தான் என்னுடையதும். காரிமங்கலத்துப் பெண்ணுக்கும் அழகாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். எனக்கு நானே செய்துகொண்டதும் அதற்குத்தான். அந்தப் பெண்களெல்லாம் வீட்டுச் சுவரில் யாரோ ஒருத்தியைப் பார்த்துக்கொண்டே வயதாகியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

நாலு நாள் கழித்துக் கீர்த்தனா வீட்டுக்கே வந்து, வாசலில் நிழலில் நிற்கவைத்துப் புதிதாக எடுத்தாள். நான் பத்திரமாக வைத்திருந்த அந்த அரக்குத் துண்டைப் புடவைத் தலைப்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நான் சொல்லித்தரவில்லை, விழாவில் சிக்கம்மாவிடம் கேட்ட கதையை வைத்து அவளாகவே கேட்டாள். பிரிண்ட் வந்தது. கருப்பு. நெற்றியில் எல்லாச் சுருக்கமும் அதனதன் இடத்தில் இருந்தன. திருப்பிப் பார்த்தேன். பென்சிலில் ஐந்து வரி. கடைசி வரி: ‘கண்ணால் பார்த்தது: மேடம்தான்.’

ஹாலில் மாட்ட ஆணி தேடினேன். இருந்த ஒரே ஆணியில் கல்யாணப் படம் தொங்கியது. அந்தோணி ஸ்டூலைப் போட்டு ஏறி, அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். இறங்கி நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு, கையில் இருந்த பழைய படத்தைக் காட்டி, முப்பத்தைந்து வருடமாகச் சொல்லாததைச் சொன்னார்.

“இந்தம்மா யாருன்னு உன்னைய ஒரு நாள் கேக்கணும்னு இருந்தேன்.”